பிக்கப்புக்குப் பதினோரு அர்த்தம்

பதினோரு அர்த்தம் இருக்கு. எனக்கு இப்போ ஒம்பதுதான் ஞாபகம் வருது. மிச்சம் ரெண்டும் எங்க போய்த் தொலஞ்சுது? ஏட்டி விஜிலா, இன்னும் இருவது நிமிஷந்தான், மூளைய ஒரு இடத்துல நிறுத்து. பிக்கப். ஒண்ணு, கீழ கிடக்கதக் குனிஞ்சு எடுக்குறது. ரெண்டு, வண்டியில போய் ஆளக் கூட்டிட்டு வாறது. மூணு, வகுப்புக்கே போகாம காதால கேட்டுக் கேட்டு ஒரு பாஷையப் பிடிச்சுக்கிடுறது. நாலு, சளி காய்ச்சல ஒட்ட வாங்கிக்கிடுறது. அஞ்சு... அஞ்சு கிடக்கட்டும், பொறவு வாறேன். ஆறு, போன எடுத்து அலோ சொல்லுறது. ஏழு, போற வழியில கடையில நின்னு ஒரு பாக்கெட் பால் வாங்குறது. எட்டு, விட்ட இடத்துல இருந்து மறுபடி தொடங்குறது. ஒம்பது, போலீஸ் வந்து ஆளத் தூக்கிட்டுப் போறது. இதுல எட்டுதான் எனக்க நம்பர். ரெண்டு தடவ விட்ட இடத்துல இருந்து மூணாந்தடவையா தொடங்க வந்திருக்கேன், சென்னைல ஒரு ஹோட்டலு, மூணாவது மாடி, ஏசிய வச்சு ஆள விறைக்க விடுதாங்க. சுத்திப் பதினாறு நாற்காலி, ஒவ்வொண்ணுலயும் ஒரு நர்சு, ஒவ்வொருத்தி உதடும் அசையுது, பாத்தா ஜெபம் பண்ணுத மாதிரி இருக்கு, ஆனா எல்லாவளும் இங்கிலீஷ்தான் முணுமுணுக்கா. பக்கத்துல ஒரு பிள்ள, இருவத்திமூணு இருக்கும், "அக்கா, எத்தனாவது அட்டெம்ப்ட்?"னு கேட்டா. மூணாவதுன்னேன். "ஐயோ"ன்னா. ஐயோவா? ஒனக்கு என்னட்டி ஐயோ? எனக்கு முப்பத்தெட்டு வயசு, பதினாலு வருஷம் வார்டுல நின்ன காலு இது, மூணு என்ன, முப்பது தடவன்னாலும் வருவேன்னு சொல்ல வாய் வந்துது. சொல்லல. ஏன்னா அது பொய். அயர்லாந்துல எனக்கு வேல தாறேன்னு லெட்டர் குடுத்த ஆஸ்பத்திரிக்காரன் இந்த மாசம் முப்பதாந்தேதி வரைக்குந்தான் பொறுப்பான். இன்னைக்குத் தேதி ஒம்பது, ரிசல்ட் வரப் பதினாறு நாளு. இந்தப் பேச்சுப் பரீட்சைல பி வாங்குனா போகலாம், சி வாங்குனா பழையபடி ஊருக்கு, குலசேகரம் பஸ்சு. இன்னொரு தடவங்கிறது கிடையவே கிடையாது.

பயமா இருக்கா? இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். பயத்தோட எத்தனையோ ஊசி போட்டிருக்கேன், கை நடுங்குனதில்ல. மனோகரதாஸ் சார் என்ன சொன்னாரு? பரீட்சைக்கு முன்னால புதுசா ஒண்ணும் படிக்காதீங்க, தெரிஞ்சத மெல்லுங்கன்னாரு. சார் மார்த்தாண்டத்துல ஒரு பேக்கரிக்கு மேல மாடியில கிளாஸ் எடுக்காரு. கீழ இருந்து பன்னு வேகுற வாசன ஏறி வரும், மேல நாங்க இருவது நர்சுங்க டூட்டி முடிச்ச களைப்புல வயித்தப் பிடிச்சிட்டு உக்காந்து இங்கிலீஷ் படிப்போம். இங்கிலீஷ்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டும்பாரு, சின்னதா ஒரு வார்த்தைய எடுப்பான், அதுக்குப் பின்னால ஒரு வால ஒட்டுவான், பொறவு அது எந்தப் பக்கம் ஓடும்னு அவனுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு வாலு எங்களுக்கு. பிக்கப் எடுத்த அன்னைக்குப் பத்து அர்த்தம் வரைக்கும் போர்டுல எழுதுனாரு, பதினொண்ணுன்னு நம்பர் போட்டாரு, அப்படியே நின்னுட்டாரு. "அது நமக்குத் தேவப்படாது." விடுவோமா நாங்க? "எதுக்கு சார் தேவப்படாது?" "விடுங்க சிஸ்டர்." "பரீட்சைல கேட்டா?" மனுஷன் காதெல்லாம் செவந்து போர்டப் பாத்துத் திரும்பிட்டு, "முன்னபின்ன தெரியாத பொம்பளட்ட பேச்சுக் குடுத்து மடக்குறது"ன்னாரு. அந்தச் சிரிப்பு பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும். ஆ, வந்துட்டு! அதுதான் ஒண்ணு. பத்தாச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. ஆனா ஒண்ணு சொல்லுதேன், எங்க ஊர்ல பிக்கப்புங்கிறது இங்கிலீஷே கெடையாது. எங்க வீட்டுக்காரரு ராபின்சிங், ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுதாரு, அவருக்க பைக்க ஏத்தத்துல விட்டா மொனகும், "பிக்கப் இல்ல கேட்டியா, எறங்கு"ம்பாரு, நான் எறங்கி நடப்பேன். ரப்பர் வெல பிக்கப் ஆகலம்பாரு. பிள்ளைய ஸ்கூல்ல போய் பிக்கப் பண்ணிக்கிடுங்கன்னு நான் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில டாக்டரு ரவுண்ட்ஸ் வந்து கட்டில் தலமாட்டுல நின்னு, சொந்தக்காரங்களப் பாத்து, "கேஸ் பிக்கப் ஆயிடும்"பாரு. அவ்வளவுதான், ஒரு குடும்பமே மூச்சு விடும். அஞ்சாவது அர்த்தம் அதுதான். தேறி வாறது. கொறஞ்ச ஒடம்பு மறுபடி ஏறி வாறது.

அந்த அஞ்சுலதான் நான் ரெண்டு தடவ விழுந்தேன். மொதத் தடவ விழுந்தப்ப வேகமாப் பேசிட்டேன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவ விழுந்தப்ப கிராமர்னு நெனச்சேன், மூணு மாசம் கிராமரக் கரைச்சுக் குடிச்சேன். பொறவு போன மாசம் சார் ஒரு மாதிரித் தேர்வு வச்சாரு, பரீட்சைல மாதிரியே அவரு நோயாளியா நடிப்பாரு, நான் நர்சு. கார்டுல என்ன இருக்குன்னா, நோயாளிக்கு ஆப்பரேஷன் பலிக்கல, டாக்டரே சொல்லியாச்சு, அவரு வருத்தமா இருக்காரு, பேசணும். நான் நல்லாத்தான் பேசுனேன். அவரு முகத்தத் தொங்கப் போட்டுட்டு, "சிஸ்டர், எனக்குச் சரியாகுமா?"ன்னாரு. நான் இங்கிலீஷ்ல, சிரிச்ச முகத்தோட, கவலப்படாதீங்க, சீக்கிரம் பிக்கப் ஆயிடுவீங்கன்னேன். சார் பேனாவக் கீழ வச்சிட்டாரு. "ரெண்டு பரீட்சைலயும் இதத்தான் சொன்னியா?" யோசிச்சுப் பாத்தேன். ஆமா, இதேதான். மொதத் தடவ ஒரு கெழவருக்கிட்ட, ரெண்டாந்தடவ ஒரு தாய்க்கிட்ட. "ஒனக்க இங்கிலீஷ்ல கொற இல்ல விஜிலா. நீ பொய் சொல்லுத. அந்த ஊர்ல நோயாளிட்ட நர்சு பொய் சொல்லக் கூடாது. மார்க்கு அங்கதான் போகுது"ன்னாரு. எனக்கு வந்துதே கோவம்! பொய்யா? அது பொய்யா சார்? ஆறுதல் சொல்லுறது பொய்யா? பதினாலு வருஷமா எனக்குச் சம்பளம் குடுத்ததே அதுக்குத்தானே? எங்க பக்கத்துல நோயாளிட்ட யாரு நெசத்தச் சொல்லுவா? மகன் காரிடார்ல கைய எடுத்துக் கும்பிட்டு, "சிஸ்டர், அம்மைக்குத் தெரிய வேண்டாம்"பான். சரின்னு தலையாட்டிட்டுப் போய் அம்மைக்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லணும். சொல்லாதவளுக்கு நல்ல நர்சுன்னு பேரு கெடையாது. சாரு முன்னால எல்லாத்தையும் கொட்டிட்டு, பேகத் தூக்கிட்டு, படி எறங்கி, பஸ் ஏறுன பொறவுதான் எங்க வார்டுல கெடந்த ரோஸ்லெட் அக்கா ஞாபகம் வந்துது. வந்தா போக மாட்டேங்குது. இப்பவும் இங்க, இந்தக் குளுருல, எனக்க பக்கத்துல உக்காந்திருக்கா.

ரோஸ்லெட் அக்கா அண்டியாபீஸ்ல, அதான் முந்திரிக் கம்பெனியில, முப்பது வருஷம் அண்டி ஒடைச்சவ, முந்திரிக்கொட்டப் பாலு பட்டு வெரல் நுனி எல்லாம் கறுத்து வெடிச்சிருக்கும், பல்ஸ் பாக்கக் கையப் பிடிச்சா சொரசொரன்னு இருக்கும். ஈரல்ல கட்டி. பரவியாச்சு. மகன் காரிடார்ல கும்பிட்டான், நான் தலையாட்டுனேன். அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான், காலைல நான் டெம்பரேச்சர் பாக்கப் போகும்போதெல்லாம் அதையே கேப்பா: "சிஸ்டர், நான் எப்பம் பிக்கப் ஆவேன்?" அவ இங்கிலீஷ் படிச்சவ இல்ல, டாக்டர் வாயில கேட்ட வார்த்த. அடுத்த வாரம்கா, பாருங்க, நீங்களே நடந்து போவீங்கன்னு சொல்லுவேன். "எதுக்குக் கேக்கேன்னா, கருங்கல் ஊர்ல எனக்க தங்கச்சி இருக்கா. ஒம்பது வருஷமாப் பேச்சில்ல. ஒரு வேலிச் சண்டைல. தப்பு எனக்க மேலதான். போய்க் கூப்பிடணும்." அதுக்கென்னக்கா, போன் நம்பர் தாங்க, இப்பமே வரச் சொல்லுவோம்னேன். அப்படித்தான் சொன்னேன், சத்தியமா. அவ தலைய ஆட்டுனா. "படுத்துக் கெடந்துட்டுக் கூப்பிட்டா, சாகப் போறா, அதான் கூப்பிடுதான்னு நெனப்பா. எந்திரிச்சு நடமாட ஆனதும் நானே வாசல்ல போய் நிப்பேன். ஆயிடுவேன்லா சிஸ்டர்?" ஆயிடுவீங்க. அந்த ஒரு வார்த்த. அதச் சொன்னது டாக்டரு இல்ல, மகன் இல்ல, நான். அந்த வாரம் வியாழக்கெழமை காலைல போயிட்டா. தங்கச்சிக்காரி வந்தா, ஓடி வந்தவ செருப்புகூடப் போடல, அழல, நேரா எனக்கிட்ட வந்து, "அவ என்னையக் கேட்டாளா?"ன்னா. கேட்டாங்கன்னேன். "எப்பம்?" தெனமும் கேட்டாங்க. அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. "பொறவு ஏன் எனக்கு ஒரு போன் போடல?" அக்காவுக்க பைய எடுத்து அவ கையில குடுத்தேன். வந்துட்டு, வந்துட்டு, பத்தாவது அர்த்தம் வந்துட்டு! ஒருத்தர் வெளிய சொல்லாதத, முகத்துல இருந்தோ சத்தத்துல இருந்தோ கண்டுபிடிச்சிடுறது, அதுவும் பிக்கப்தான். ரோஸ்லெட் அக்கா கண்டுபிடிச்சிருப்பாளோன்னு எத்தனையோ நாளு நெனச்சு மனசத் தேத்தியிருக்கேன். கண்டுபிடிச்சிருந்தா தங்கச்சியக் கூப்பிட்டிருப்பாளே. அவ கண்டுபிடிக்கல. நான் அவ்வளவு நல்லாப் பொய் சொல்லியிருக்கேன். மறுநாளு டாக்டருட்டப் போய், இனிமே நோயாளி நேராக் கேட்டா நான் மறைக்க மாட்டேன்னு சொன்னேன். "சிஸ்டர், உங்க வேலையப் பாருங்க"ன்னாரு. அந்த வாரந்தான் சார் கிளாஸ்ல சேந்தேன். ஆனா பழகுன வாயி, ரெண்டு பரீட்சைலயும் பழையதையே சொல்லிட்டு. எல்லாரும் விஜிலா வெளிநாட்டு மோகத்துல ஆடுதாங்காங்க. ஆடிட்டுப் போறேன். எனக்கு எனக்க வாயத் திருப்பி வேணும், அதுக்குத்தான்.

இவ்வளவு வீரமாப் பேசுதியே, அபிஷாட்ட என்னட்டி சொல்லிட்டு வந்த? அபிஷா எனக்க மக, மக்களேன்னுதான் கூப்பிடுவேன். எட்டு வயசு. நேத்துக் காலைல பஸ் ஏற முன்னால கழுத்தக் கட்டிக்கிட்டு, "எங்கம்மா போற?"ன்னா. டிரெயினிங் மக்களேன்னேன். "நீ எங்கயும் போயிட மாட்டதானே?" எங்க போகப் போறேன், திங்கக்கெழம வந்துருவேன்னேன். பெட்டி வாங்கிக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கு, பழைய போர்வையால மூடி. ராபின்சிங் சொன்னாரு, "ரிசல்ட் வரட்டும், விசா வரட்டும், பிள்ளைட்ட பொறவு பாத்துச் சொல்லிக்கிடலாம்." நான் அதுக்கும் தலையாட்டுனேன். காரிடார்ல ஆட்டுன அதே தல. ஏசப்பா, நான் போறதுக்கு மொத நாளு வரைக்கும் அவ, எங்கம்மை எங்கயும் போக மாட்டான்னு எல்லாவளுட்டயும் சொல்லிட்டுத் திரிவா. வேண்டாம், இப்போ இத நெனைக்காத, அழுதுருவ, அழுத கண்ணோட உள்ள போனா... "விஜிலா ஜெபமணி?" வாசல்ல ஃபைலு வச்சிருக்க ஒரு பொண்ணு கூப்பிடுதா. எந்திரி. எந்திரி விஜிலா. பக்கத்துப் பிள்ள "ஆல் தி பெஸ்ட்டுக்கா"ன்னா. பாவம், நல்ல பிள்ளதான்.

சின்ன ரூம்பு, ஒரு மேச, ரெண்டு நாற்காலி, நடுவுல பதிவு பண்ணுத மெஷினு. எதிர்ல ஒரு அம்மா, அறுவது வயசு இருக்கும், கைத்தறிச் சேல, கண்ணாடி, நரச்ச முடியக் கட்டையா வெட்டியிருக்கா. இவதான் எனக்க நோயாளி. பேரு, ஊரெல்லாம் கேட்டுட்டு கார்டத் தந்தா. மூணு நிமிஷம் படிக்கலாம். படிச்சேன். கர்த்தாவே, வேற கார்டே கெடைக்கலையா ஒனக்கு? பெண் நோயாளி, புற்று நோய், இனி மருந்து கேக்காதுன்னு டாக்டர் காலைல சொல்லிட்டாரு, நோயாளி நம்ப மறுக்கா, நீ பேசணும், வலி கொறைக்கிற சிகிச்சை பத்தி வெளக்கணும். எழுத்து மங்குச்சு, கண்ணத் தொடைச்சேன், மறுபடி படிச்சேன். மெஷினுல செவப்பு லைட்டு எரிஞ்சுது. நாற்காலிய அவ பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கிட்டேன், வார்டுல அப்படித்தான் உக்காருவேன். காலைல டாக்டர் வந்துட்டுப் போனாரு, இல்லையா, அவரு என்ன சொன்னாரு, உங்களுக்கு என்ன வெளங்குச்சு, உங்க வாயால சொல்லுங்கன்னேன். அவ சொன்னா. நல்லா நடிக்கா. வலிக்கு என்ன குடுப்போம், தூக்கம் வர என்ன பண்ணுவோம், வீட்டுலயே வச்சுப் பாக்க ஆளு வருவாங்க, எல்லாம் சொன்னேன், மெதுவா, ஒவ்வொண்ணா, வெளங்குச்சான்னு கேட்டுக் கேட்டு. நல்லாத்தான் போச்சு. அப்பத்தான் அவ கண்ணாடியக் கழட்டி மடியில வச்சிட்டு, "டாக்டருங்க தப்பாவும் சொல்லுவாங்கல்ல? எனக்குச் சரியாயிடும், இல்லையா?"ன்னா.

வந்துட்டு. வாய்க்குள்ள வந்து நிக்குது. பிக்கப் ஆயிடுவீங்க. பல்லுக்குப் பின்னால வரிசையா அடுக்கி வச்சிருக்கு, வாயத் தொறந்தா தன்னால உழும், சிரிப்புகூட தயாரா இருக்கு, கன்னம் ரெண்டும் மேல ஏறப் பாக்குது. மூணு செகண்டுக்கு மேல பேசாம இருந்தா மார்க்கு போகும்னு சார் சொல்லியிருக்காரு. ஒண்ணு. ரெண்டு. மூணு. போகட்டும். நாலு. அவ என்னையே பாக்கா. பதினாலு வருஷத்துல இப்படி ஒரு கேள்விக்கு முன்னால நான் சும்மா இருந்ததில்ல. அவ கண்ணுல ஒரு பயம் வந்துது, நடிப்பா நெசமான்னு தெரியல, எனக்கும் பயமாத்தான் இருந்துது. அந்தப் பயத்தோடயே வாயத் தொறந்தேன். "சரியாயிடும்னு என்னால சொல்ல முடியாதும்மா. சொன்னா அது உண்மையில்ல." சின்ன இங்கிலீஷ், ஒண்ணாங்கிளாஸ் பிள்ள பேசுற இங்கிலீஷ், ஒரு வாலும் இல்ல அதுல. நான் எடத்த விட்டு அசையல. "உங்களுக்கு எவ்வளவு நாளு இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்குற நாளு உங்களுக்குள்ளது. நீங்க யாரப் பாக்கணும்? யாருட்ட பேசணும்? இப்பமே சொல்லுங்க, நான் கூப்பிடுதேன்." அவ கார்டக் குனிஞ்சு பாத்தா. அதுல அதுக்குப் பதிலு எழுதியிருக்காது போல. நிமுந்து என்னையப் பாத்தா, "யோசிக்கணும்"னா, மெல்லிசா, வேற கொரல்ல. யோசிங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன்னேன். மெஷினு பீப்புன்னு கத்துச்சு. ரெண்டாவது கார்டு ஒண்ணு இருந்துது, சக்கர நோயிக்குச் சாப்பாடு, அது எப்படிப் போச்சுன்னே ஞாபகம் இல்ல.

வெளிய வந்து லாக்கர்ல இருந்த போன எடுத்துட்டு, லிப்டுக்கு நிக்காம படி வழியா எறங்குனேன். ரோட்டுல வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது, அந்தக் குளுருக்குப் பொறவு நல்லா இருந்துது. பி வருமா? தெரியாது. நாலு செகண்டு, அஞ்சு செகண்டு, பேசாம நின்னுட்டேனே, அதுக்கு எவ்வளவு போகும்? தெரியாது. ஆனா நான் சொல்ல வந்ததச் சொல்லிட்டேன். மரத்தடியில நின்னு ராபின்சிங்க கூப்பிட்டேன். "எப்பிடி இருந்துது?"ன்னாரு. தெரியல, முப்பதுக்குள்ள தெரியும்னேன். "நீ பாஸுதான். ஒண்ணும் பயப்படாத"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு, மனுஷா, ஒனக்கும் அதே நோயான்னு நெனச்சேன். அதுக்குள்ள அபிஷா போனப் பிடுங்கிட்டா. "அம்மா, டிரெயினிங் முடிஞ்சுதா?" நாக்கு நுனியில முடிஞ்சுது மக்களேன்னு நின்னுது. விழுங்குனேன்.

"மக்களே, அது டிரெயினிங் இல்ல. அம்மா பரீட்ச எழுத வந்தேன். பாஸானா அம்மா தூரமா ஒரு ஊருக்கு வேலைக்குப் போவேன். பிளேன்ல போகணும்." பின்னால இருந்து அவரு, "ஏய், ஏய், இப்போ எதுக்கு அத"ங்காரு. கேக்காத மாதிரி இருந்துட்டேன். "கேக்குதா மக்களே?" "ம்." பொறவு, "எவ்வளவு நாளு?"ன்னா. ரெண்டு வருஷம் ஆகும், கூடவும் ஆகலாம், நடுவுல லீவு கெடச்சா ஒரு தடவ வருவேன், பொறவு ஒன்னையும் அப்பாவையும் கூப்பிட்டுக்கிடப் பாப்பேன், அதுவும் உறுதியில்லன்னேன். "நேத்து எங்கயும் போக மாட்டேன்னியே?" "ஆமா. அம்மா பொய் சொன்னேன்." "அப்பாவும் சொன்னாரு." "அப்பாவுந்தான்." அவ மூக்கு உறிஞ்சுத சத்தம் கேட்டுது. "நான் அழுதா வந்துருவியா?"

ஏசப்பா. பஸ்சு ஒண்ணு ஆரன் அடிச்சிட்டுப் போச்சு, போன காதோட அழுத்திப் பிடிச்சேன். "வர முடியாது மக்களே."

"இப்போ அழட்டா?"

"அழு. அம்மா போன வைக்க மாட்டேன்."

அவ அழுதா. ஏங்கி ஏங்கி அழுதா, நான் அந்த ரோட்டோரத்துல நின்னு முழுசாக் கேட்டேன். அவ அழுது முடியுற வரைக்கும், ஒண்ணுமில்லன்னு ஒரு தடவகூட நான் சொல்லல.